மே மாதத்துக்கு ஒரு கைப்பிடி பட்டன்

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "சரிம்மா, வைக்கவா" என்கிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய். நீயேதான் சிரித்துக்கொண்டே சொன்னாய், அப்போது என் குரல் அணில் கத்துவது மாதிரி இருக்கிறது என்று. கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. அதனால் தையல் கூடத்தில் வீணாய்ப் போன பில் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள். உனக்குச் சொல்லித் தரவா வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை நீ பேசியபோது இரண்டு விஷயம் சொன்னாய். முதலாவது, பஹ்ரைன் மனாமாவில் நீயும் உன் ஆபீஸ் பையன்களும் குதைபியாப் பக்கம் ஒரு ரூமில் கூடி வாராவாரம் சீட்டு டோர்னமென்ட் ஆடுகிறீர்கள், காசு கிடையாது, ஜெயித்தவனுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை. "உனக்கெல்லாம் புரியாதும்மா. ஏழு சீட்டு. சின்ன சீட்டு வச்சிருக்கறவன்தான் ஜெயிப்பான்" என்றாய். "அந்த ஆட்டத்துக்குப் பேரு ராஸ்தானேடா?" என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டாய்: "வாராவாரம் நான்தாம்மா முதல்ல வெளிய வர்றேன். எங்க தப்பு பண்றேன்னு சொல்லேன்." தம்பி, நீ பிறந்ததிலிருந்து என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. எந்த குரூப் எடுப்பது என்று சித்தியைக் கேட்டாய், எந்த வேலைக்குப் போவது என்று நண்பர்களைக் கேட்டாய். மற்றதற்கெல்லாம் உன் கையில் போன் இருக்கிறது. என்னிடம் கேட்பதற்கு என்று சீட்டாட்டம் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

இரண்டாவது விஷயத்தை வைக்கும்போது சொன்னாய். மே மாதம் லீவு கிடைத்துவிட்டது, பையன்களோடு அஜர்பைஜானில் இருக்கிற பாகு போகிறாய், அங்கே மலையில் பனி இருக்குமாம். நான் சொன்ன பதில், "சரிப்பா, பத்திரமா போய்ட்டு வா." ஏப்ரல் கடைசியோடு என் விசா முடிகிறது, ஒரேயடியாக மன்னார்குடி வீட்டுக்குப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். அந்த மே மாதம் அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன் என்பதும் யோசித்தால் உனக்குத் தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நானும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு என்மேலேயே வந்த கோபத்தில் ஒரு பிளவுசைத் தலைகீழாகத் தைத்தேன். அந்தப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நீ கேட்டதைச் சொல்லி முடிக்கிறேன்.

உன் அம்மாவுக்கு இந்த ஆட்டம் எப்படித் தெரியும் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பாய். ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் கூடம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற இடம். ஏப்ரலில் இந்தியப் பள்ளிகள் திறக்கும்போது ஒரு ஓட்டம், கோடை முடிந்து மற்றப் பள்ளிகள் திறக்கும்போது இன்னொரு ஓட்டம். நடுவில் மே மாதம் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் அப்போதும் பெண்கள் பிரிவிலிருந்து ஒருத்திக்குத்தான் லீவு. ஊரில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதம், ஆகவே எங்கள் எல்லோருக்கும் மே மாதம்தான் வேண்டும். இந்த வருஷம் நீயா நானா என்று சண்டை வந்து, ஒரே அடுப்பில் சமைப்பவர்கள் பேசாமல் இருந்த நாளெல்லாம் உண்டு. லக்னோக்கார சூப்பர்வைசர் பாய்க்கு அலுத்துவிட்டது. "ஏக் நாம் தோ, பஸ்" என்றார். ஒரே ஒரு பெயர் கொடுங்கள், அது யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கையைக் கழுவிவிட்டார். அப்போதுதான் துணி வெட்டுகிற மரிட்டெஸ், பிலிப்பைன்ஸ்காரி, தன் பெட்டியிலிருந்து ஒரு சீட்டுக் கட்டை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். அவள் புருஷன் கப்பலில் சமையல்காரன், அவன் கற்றுக்கொடுத்த ஆட்டம். ஆளுக்கு ஒரு கிண்ணம் பட்டன். வெள்ளைச் சட்டைப் பட்டன் ஒன்றுக்குச் சமம், நீல கோட்டுப் பட்டன் ஐந்துக்குச் சமம். பட்டன் தீர்ந்தவள் எழுந்து போக வேண்டும், கடைசியில் மிஞ்சுபவளுக்கு மே மாதம். கல்யாணம், சாவு இரண்டும் சீட்டுக்கு வெளியே, அதற்குக் கேள்வி கேட்காமல் விட்டுக்கொடுப்போம் என்று ஒரு சட்டமும் போட்டோம். மரிட்டெஸ் ஊருக்குக் கிளம்புகிறவரை அந்த வழக்கம் மாறவில்லை.

ஆட்டம் உனக்குத் தெரியும், இருந்தாலும் வாத்தியார் வேலையை முழுசாகச் செய்கிறேன். இரண்டு சீட்டு கவிழ்த்து, மூன்றாவது திறந்து. அப்புறம் ஒவ்வொன்றாக மூன்று திறந்த சீட்டு, கடைசியில் ஒன்று கவிழ்த்து. மூன்றாவது சீட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சுற்றுப் பந்தயம். ஏழில் ஐந்தை எடுத்துக்கொள்ள வேண்டும், யாருடைய ஐந்து சிறியதோ அவர் ஜெயித்தார். அந்த ஐந்தில் பெரிய சீட்டு எது என்பதுதான் முதல் கணக்கு. ஆஸ்தான் எல்லாவற்றிலும் சின்னது. ஒரே நம்பர் இரண்டு வந்தால் அதில் ஒன்று வீண். முதல் சுற்றில் மட்டும், யாருக்குப் பெரிய சீட்டு திறந்து விழுந்ததோ அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் முதல் பந்தயத்தைப் போட்டே ஆக வேண்டும். ராஜா விழுந்தவள் முனகிக்கொண்டே பட்டனை நகர்த்துவாள். அந்தச் சட்டத்தை மறந்துவிடாதே, எனக்கு அது பிறகு தேவைப்படும்.

நீ முதலில் வெளியே வருகிறாய் என்றால், எல்லாக் கையையும் ஆடுகிறாய் என்று அர்த்தம். கவிழ்த்த இரண்டு சீட்டைத் தூக்கிப் பார்ப்பாய், ஆஸும் மூன்றும் இருக்கும். உடனே மனசு பறக்கும். திறந்து கிடக்கிற ராணியைக் கண் பார்க்காது. மீதி எல்லாம் நல்லதாக வரும் என்று பட்டனைத் தள்ளுவாய். ஆசை, தோசை, அப்பளம், வடை. மூன்றும் எட்டுக்குள், மூன்றும் வேறு வேறு நம்பர், அப்படி இருந்தால் உள்ளே போ. இல்லையென்றால் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடி. முதல் வருஷம் நான் இதைக் கேட்கவில்லை. மரிட்டெஸ் என் முழங்கையில் தட்டி, "கலாஸ் சிஸ்டர், போதும், மூடு, மூடு" என்று அரபியும் அரைகுறைத் தமிழுமாகக் கத்துவாள். எல்லோருக்கும் முன்னால் என் கிண்ணம்தான் காலியாகும். சீட்டு சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டு எழுந்துபோவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதைவிடப் பெரிய தவறு, ஏற்கெனவே போட்ட பட்டனுக்காக அழுவது. நன்றாகத்தான் ஆரம்பிக்கும், ஆஸ், இரண்டு, நான்கு. அடுத்து ராஜா வரும். அடுத்து ஜாக்கி வரும். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு ஐந்தும் ஆறும் திறந்திருக்கும். அறிவு சொல்லும், விலகு என்று. மனசு சொல்லும், இவ்வளவு போட்டாயிற்றே என்று. போட்டது நடுவில் கிடக்கிறது தம்பி, அது இனிமேல் உன்னுடையது இல்லை. ஐந்தாவது சீட்டிலிருந்து பந்தயம் இரட்டிப்பு, ஆகவே அதைப் போடுவதற்கு முன்னால் விலகிவிடுவதுதான் மானம். அப்புறம், உன் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்காதே. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள் சிவமலர், யாழ்ப்பாணத்துப் பெண், எனக்குப் பக்கத்து மெஷின். "அக்கா, நீங்கள் ஏன் மற்ற ஆக்களின்ட சீட்டைப் பாக்கிறேல்லை? உங்களுக்கு வேணும் எண்ட சீட்டு முழுக்க அங்கதானே கிடக்கு" என்பாள். உனக்கு ஐந்து வேண்டும், மூன்று ஐந்து மற்றவர்களிடம் திறந்து கிடக்கிறது என்றால் யாருக்காகக் காத்திருக்கிறாய்? அதே சமயம் உன்னிடம் இருக்கிற நம்பரே அங்கேயும் கிடந்தால் சந்தோஷப்படு, அது திரும்ப உனக்கு ஜோடியாக வந்து கெடுக்காது. திறந்த சீட்டையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு இந்த ஆட்டம் பாதி ஜெயித்த மாதிரி.

பயந்து ஒன்றுமே ஆடாமல் உட்கார்ந்திருப்பவனும் தோற்பான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கைக்கும் எல்லோரும் ஒரு பட்டன் முன்கூட்டி வைக்க வேண்டும் அல்லவா. நேரம் ஆக ஆக அது இரண்டாகும், நான்காகும். நல்ல கைக்காகக் காத்திருந்து காத்திருந்தே கிண்ணம் கரைந்துபோகும். எதிரே இருப்பவர்களுக்கெல்லாம் ராஜாவும் ராணியுமாகத் திறந்து, உனக்கு மட்டும் இரண்டாம் நம்பர் சீட்டு திறந்திருந்தால், உள்ளே குப்பை இருந்தாலும் தைரியமாகப் போடு. அவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கவா போகிறார்கள்.

இப்போது நான் சொல்ல வேண்டிய கடைசித் தவறு. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, செய்து பார்த்தேன். இந்த ஆட்டத்தில் பட்டன் போட விருப்பமில்லை, ஆனால் விலகவும் இல்லை என்றால் விரலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கட்டிலில் ஆடினோம் என்பதால் நாங்கள் தகரப் பெட்டியின் மூடியில் தட்டுவோம். "நான் ஒன்றும் போடவில்லை, ஆனால் இருக்கிறேன்" என்று அதற்கு அர்த்தம்.

நீ ஆறாவது முடித்த வருஷம். சித்தி வீட்டிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு மன்னார்குடி வீட்டைத் திறந்து, ஒரு மாதம் நாம் இரண்டு பேரும் இருப்பது என்று போனில் திட்டம் போட்டிருந்தோம். தெப்பக்குளத்தில் நீச்சல் பழக வேண்டும் என்றாய். அந்த வருஷம் நான் நன்றாகவே ஆடினேன். மரிட்டெஸ்கூட எழுந்து போய்விட்டாள். மிஞ்சியது நானும் சிவமலரும். அவளுக்கும் ஊரில் ஒரு பெண் குழந்தை. என்னிடம் கவிழ்த்தது ஆஸும் ஐந்தும், திறந்தது மூன்று, ஏழு, இரண்டு. ஐந்து சீட்டிலேயே கை முடிந்துவிட்டது, சின்னஞ்சிறு கை. அவளுக்குத் திறந்தது நான்கு, ராஜா, எட்டு. என் முறை. அப்போது நான் ஒரு பிடி பட்டனை எடுத்து நடுவில் வைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் புத்தி அதிகமாகிவிட்டது. போட்டால் பயந்து விலகிவிடுவாள், கொஞ்ச நேரம் இருக்கட்டும், இன்னும் நாலு பட்டன் கறந்துகொள்ளலாம் என்று ஒன்றும் இல்லாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பெட்டியைத் தட்டினேன். அவளும் தட்டினாள். இலவசமாக அடுத்த சீட்டு வந்தது, அவளுக்கு ஆஸ். எனக்கு ராணி. மறுபடியும் தட்டினேன். அவளும் தட்டினாள். கடைசிச் சீட்டு கவிழ்ந்து வந்த பிறகுதான் போட்டேன். அவள் ஏற்றினாள், நான் ஏற்றினேன், என் கிண்ணம் தீர்ந்தது. உள்ளே இருந்த இரண்டையும் ஆறையும், கடைசியில் வந்த மூன்றையும் திருப்பி வைத்தாள். ஆஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஆறு. என்னுடையது ஏழில் நிற்கிறது, அவளுடையது ஆறு.

சிவமலருக்கே சந்தோஷப்பட முடியவில்லை. என் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னக்கா இது, இவ்வளவு நல்ல கையை வச்சுக்கொண்டே தட்டினனீங்கள்? அப்பவே போட்டிருந்தால் நான் எறிஞ்சிட்டுப் போயிருப்பன். நீங்கள் ஒண்டும் போடேல்லை, உங்கட கையில ஒண்டும் இல்லை எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றாள். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் செய்தபோது, "இந்த வருஷமும் இல்லையாம்மா?" என்றாய். அடுத்த வருஷம் கண்டிப்பாக என்றேன். அடுத்த வருஷம் நீ கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த லீவெல்லாம் ஐப்பசி மழையில்தான், நீ பள்ளிக்கூடம் போய்விட்டு நனைந்த ஷூவோடு வருவாய், சாப்பிடுவாய், வீட்டுப்பாடம் எழுதுவாய். ஒரே ஒருமுறை மே மாதத்தை ஜெயித்து வந்தேன், நீ காலேஜில் இருந்தாய். அந்த மாதம் பயிற்சிக்கென்று சென்னைக்குப் போவதாகச் சொன்னாய். அப்போதும் "சரிப்பா" என்றேன். வீட்டில் நானும், மின்விசிறியும், ஒரு கூடை மாம்பழமும் இருந்தோம். நம் இருவருக்கும் சேர்ந்த மாதிரி ஒரு மே மாதம் இதுவரை வாய்க்கவே இல்லை, நீ கவனித்தாயோ என்னவோ.

மரிட்டெஸ் ஊரோடு போய்விட்டாள். சிவமலர் மகளோடு கனடாவில் இருக்கிறாள், தீபாவளிக்கு ஒரு படம் அனுப்புவாள். இப்போது ரூமில் இருக்கிற பெண்கள் நல்ல பெண்கள்தான், ஆனால் வேலை முடிந்து வந்ததும் ஆளுக்கு ஒரு காதுக்குழாயை மாட்டிக்கொண்டு கட்டிலுக்குத் திரை இழுத்துவிடுகிறார்கள். அந்தப் பழைய சீட்டுக் கட்டு என்னிடம்தான் இருக்கிறது. லீவு நாள் மத்தியானத்தில் அதை எடுத்து, எனக்கு, மரிட்டெஸுக்கு, சிவமலருக்கு என்று மூன்று கை போட்டு நானே ஆடுகிறேன். கவிழ்த்த சீட்டெல்லாம் எனக்கே தெரியும் என்பதால் ஏமாறவும் ஆள் இல்லை, ஏமாற்றவும் ஆள் இல்லை. இன்றைக்கு அப்படிப் போட்டபோதுதான் நீ வெள்ளிக்கிழமை பேசியது திரும்பத் திரும்ப மனசில் வந்தது. எனக்குத் தனியாக இருக்கிறது தம்பி. இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதே இல்லை. எப்போது போன் செய்தாலும் "நல்லாருக்கேன்ப்பா, நீ சாப்பிட்டியா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். போட வேண்டிய இடத்திலெல்லாம் தட்டியிருக்கிறேன். ஒன்றும் போடாதவள் கையில் ஒன்றும் இல்லை என்றுதானே எதிரே இருப்பவன் நினைப்பான். உன்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அம்மாக்களுக்கு அப்படி ஒரு பழமொழியை யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆகவே நானே கேட்கிறேன். இந்த மே மாதம் பாகு போகாதே. மன்னார்குடிக்கு வா. லீவு முழுவதும் இரு. டிக்கெட் போட்டாயிற்று, ஹோட்டலுக்குக் கட்டியாயிற்று என்பாய். ஏற்கெனவே போட்டதற்காக ஆட்டத்தில் உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட தவறு என்று மேலே எழுதியிருக்கிறேன், போய் இன்னொரு தரம் படி. பையன்கள் கேலி செய்வார்கள் என்றால், சீட்டாட்டம் பழகப் போகிறேன் என்று சொல். பொய் இல்லை, பழக்கித்தான் அனுப்புவேன். நீச்சல் பழகுகிற வயசு உனக்குப் போய்விடவில்லை. குளத்தில் தண்ணீர் இருக்குமா என்று விசாரித்துவிட்டேன், இருக்குமாம்.

"உனக்கு முடிந்தால்" என்று இந்த இடத்தில் எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அடித்தது படத்தில் தெரியும், தெரியட்டும். "முடியாவிட்டால் பரவாயில்லை" என்றும் எழுத வந்தது, அதையும் எழுதவில்லை. பரவாயில்லை என்பது உண்மையில்லை.

பெரிய சீட்டு திறந்து கிடப்பவர்தான் முதலில் போட வேண்டும், அதுதான் சட்டம். நம் இருவரில் அது நான்தான், நரை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திறந்துதான் கிடக்கிறது. இவ்வளவு வருஷம் கழித்துப் போட்டுவிட்டேன். இனி உன் முறை. தட்டாதே.

அம்மா